வேரில் கேட்கும் நாட்கணக்கு

கேள்வி: அமெரிக்காவில் 17 ஆண்டுகளுக்கு ஒருமுறை சிள்வண்டுகள் மண்ணிலிருந்து படைபடையாக வெளிவருகின்றனவாமே? இருட்டில் கிடக்கும் பூச்சிக்கு ஆண்டுக்கணக்கு எப்படித் தெரிகிறது? பயிர் பிழைக்குமா?

பதில்: என்னை வெகுநாள் தூங்கவிடாத கேள்வி இது. இளம்பூச்சி மண்ணுக்குள் மரவேரின் சாற்றை உறிஞ்சி வளர்கிறது. மரம் துளிர்க்கும்போதெல்லாம் சாற்றின் தன்மை மாறும். அந்த மாற்றத்தைத்தான் பூச்சி எண்ணுகிறது. பீச் மரங்களை ஓராண்டில் இருமுறை பூக்கவைத்துப் பார்த்தார்கள். வேரிலிருந்த பூச்சிகள் ஓராண்டு முன்னதாகவே வெளியே வந்துவிட்டன! மரம் இருமுறை வசந்தம் என்றது, பூச்சி நம்பியது. இதைப் படித்த அன்று எனக்கு உடல் சிலிர்த்தது.

கணக்கு முடிந்த ஆண்டில், சுமார் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் 18 டிகிரி செல்சியஸை எட்டியதும் கிளம்பும். சில இடங்களில் ஏக்கருக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். பறவைகள் தின்று தின்று அலுத்துப்போகும். மிஞ்சியவை இனத்தைப் பெருக்கும். 13 ஆண்டுக் கூட்டங்களும் உண்டு. 2024இல் இருவகையிலும் ஒவ்வொரு பெருங்கூட்டம் சேர்ந்து எழுந்தது. அவ்விரண்டும் அதற்குமுன் சேர்ந்து வந்தது 1803இல்.

வெட்டுக்கிளியோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவை இலையைக் கடிப்பதில்லை. பெண் பூச்சி முட்டையிடச் சிறுகிளைகளைக் கீறும், இளங்கன்றுகளுக்குத்தான் சேதம். அவற்றை நெருக்கமான வலையால் மூடினால் போதும். மருந்து தெளிக்காதீர்கள், தயவுசெய்து. சில வாரங்களில் பூச்சிகள் தாமே மடிந்துவிடும்.