பச்சையாக வாந்தி எடுத்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள்

பேரன் பிறந்து நாலு நாள். நேற்றிலிருந்து பச்சையாகக் கக்குகிறான். செவ்வாப்பு, உரை மருந்து கொடு என்கிறார்கள். கொடுக்கலாமா டாக்டரம்மா? (பென்னாகரம்)

வேண்டாம் அம்மா, இதைப் படித்த கையோடு 108-ஐக் கூப்பிடுங்கள். கக்குவது வெள்ளையாக, திரிந்த பால் மாதிரி இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. பச்சை என்றால் அது பித்தநீர். குடல் எங்கோ அடைத்திருக்கிறது, இல்லை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். முறுக்கிய குடலுக்கு ரத்தம் போகாமல் சில மணி நேரத்திலேயே அழுக ஆரம்பித்துவிடும், ஆனால் அதுவரை வயிறு உப்பாமல், அழுகையும் நன்றாக இருந்து, வீட்டில் எல்லோரையும் ஏமாற்றிவிடும். நிறத்தில் சந்தேகமா, வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள், முருங்கைக்கீரையைக் கசக்கிப் பிழிந்த மாதிரி கறை பிடிக்கும். அந்தத் துணியைத் துவைக்காமல் கொண்டு வாருங்கள். பாலையும் நிறுத்திவிடுங்கள், ஆஸ்பத்திரியில் டிரிப் போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்வார்கள்.

சேலம் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வழியில் என்ன பார்க்க வேண்டும்? (பாலக்கோடு)

சூடு, அதுதான் முதலில். ராத்திரி தொப்பூர் கணவாய் இறங்கும்போது ஏசி ஓடினால் அணைக்கச் சொல்லுங்கள். குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ் போட்டு, அம்மாவோ அப்பாவோ வெறும் மார்போடு அணைத்து மேலே போர்த்திக்கொள்ளலாம். சில்லிட்டு வந்து சேரும் குழந்தையை உடனே ஆபரேஷனுக்கு எடுக்க முடியாமல் சூடேற்றவே நேரம் போவதைப் பலமுறை பார்த்துவிட்டேன், வயிறு எரியும். வெந்நீர் பாட்டில் மட்டும் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

குடல் வெளியே வந்த நிலையில் பிறந்தால்? (அஞ்செட்டி, கிராம செவிலியர்)

உள்ளே தள்ள வேண்டாம் சிஸ்டர். ஈரத்துணியும் சுற்ற வேண்டாம், குளிர்ந்துவிடும். குழந்தையைக் கால் முதல் அக்குள் வரை சுத்தமான பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து அனுப்புங்கள்.

மலத்துவாரம் இல்லாமல் பிறந்தாள், மலம் போக வயிற்றில் வழி வைத்திருக்கிறார்கள். பை வாங்கக் கட்டுப்படியாகவில்லை. (அரூர்)

பை இல்லாமலே சமாளிக்கலாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மடித்துக் கட்டுங்கள், நனைந்ததும் மாற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றிவிட்டு, சுற்றியுள்ள தோலில் ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள், துணியை நல்ல வெயிலில் காயப்போடுங்கள். அந்தத் துவாரம் உதட்டின் உள்பக்கம் மாதிரி சிவந்து ஈரமாக இருந்தால் சரி. கறுத்தாலோ உள்ளே இழுத்துக்கொண்டாலோ அன்றைக்கே வாருங்கள்.