துரத்தல் காட்சியில் இசைக்கு என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

அதிரடிப் படங்களுக்கு எழுதப்பட்ட ஆர்கெஸ்ட்ரா இசையைப் படத்திலிருந்து பிரித்துத் தனியாகவும் கேட்கலாம் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். சில தொகுப்புகளைக் கேட்டுப் பார்த்தேன். ட்ரம்பெட்டும் முரசும் ஒரே நேரத்தில் முழங்குவதைத் தவிர எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. படத்திலோ எஞ்சின் உறுமலும் துப்பாக்கிச் சத்தமும் அந்த இசையை விழுங்கிவிடுகின்றன. காதில் விழாத இசைக்கு எதற்கு அவ்வளவு பெரிய குழு? இசையே இல்லாமல் ஒரு துரத்தல் காட்சி நிற்காதா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு 1968-லேயே பதில் கிடைத்துவிட்டது. பீட்டர் யேட்ஸ் இயக்கிய ‘புல்லிட்’ படத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவின் ஏற்ற இறக்கமான தெருக்களில் இரண்டு கார்கள் ஒன்றையொன்று நோட்டம் விட்டபடி மெல்ல ஊர்ந்து செல்கின்றன. அதுவரை லாலோ ஷிஃப்ரினின் இசை அடங்கிய குரலில் கூடவே வருகிறது. கொலைகாரர்களின் காரை ஓட்டுபவன் இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டுகிறான், டயர்கள் கிறீச்சிடுகின்றன, இசை நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு துரத்தல் முடியும்வரை எஞ்சினும் டயரும் கியர் மாறும் ஓசையும் மட்டுமே கேட்கின்றன. ஆகவே இசையில்லாமல் துரத்தல் நிற்கும். ஆனால் அந்த இடத்தில் அது அவ்வளவு உறுதியாக நிற்பதற்கு, அதற்கு முன்பு சில நிமிடங்கள் ஒலித்து நம் மூச்சைப் பிடித்து வைத்த இசைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்ற இரண்டு தீர்மானங்களில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இதே ஷிஃப்ரின்தான் அதற்கு இரண்டாண்டு முன்பு, 1966-ல், ‘மிஷன் இம்பாசிபிள்’ தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பிசை எழுதியவர். அது ஐந்து அட்சரத் தாளம். உள்ளே அது பத்து அரை அட்சரங்களாகி 3, 3, 2, 2 என்று பிரிந்து ஓடுகிறது. நாலு அட்சரத்தில் நம் கால் அடுத்த அடியை முன்கூட்டியே எதிர்பார்த்து நிம்மதியாகிவிடும். இங்கே அந்த நிம்மதி கிடைப்பதே இல்லை. ஒலியைக் கூட்டாமலேயே பரபரப்பை உண்டாக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று வேண்டியதில்லை.

தாளத்தை இப்படி உடைப்பது பரபரப்புக்காக மட்டுமல்ல, பல நேரங்களில் படத்தின் கணக்கே அதைக் கேட்கிறது. பிலிம் காலத்து வழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். சுருளில் நொடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடும். 12 ஃபிரேமுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 120 தட்டுகள். 10 ஃபிரேமுக்கு ஒன்று என்றால் 144. இந்தத் தட்டோசையை ஹெட்ஃபோனில் கேட்டபடியே இசைக்குழு வாசிக்கும். காட்சி தொடங்கிப் பதினெட்டரை நொடியில் ஒரு கண்ணாடி உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை 444 ஃபிரேம்கள், 12 ஃபிரேம் கணக்கில் 37 தட்டுகள். நாலு நாலாகப் பிரித்தால் ஒன்பது ஆவர்த்தனம் போக ஒரு தட்டு மிஞ்சுகிறது. இசையமைப்பாளர் எட்டு ஆவர்த்தனங்களை நாலாகவும் ஒன்றை ஐந்தாகவும் எழுதிவிட்டால், கண்ணாடி உடையும் நொடி அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில், அதாவது அதன் முதல் தட்டில், சரியாக வந்து விழும். அந்த ஐந்தை எங்கே வைப்பது என்பதில் இருக்கிறது கைத்திறம். கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தால் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். முன்னாலேயே, நாயகன் கால் இடறும் இடத்தில் வைத்தால், அந்த இடறலுக்கென்றே எழுதியதாகத் தோன்றும். நீங்கள் முழக்கம் என்று ஒதுக்கிய இசைக்குள் இப்படிப்பட்ட கணக்குகள் நிறைந்திருக்கின்றன.

பெரிய குழு எதற்கு என்று கேட்டீர்கள். ஸ்பீல்பெர்க்கின் ‘ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்’ (1981) படத்தில் வரும் லாரித் துரத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் வில்லியம்ஸ் எழுத, லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. ஏழு நிமிடத்துக்கும் மேலாக நீளும் காட்சி அது: நாயகன் குதிரையிலிருந்து லாரிக்குத் தாவுகிறான், கையில் குண்டடி படுகிறான், முன்கண்ணாடி வழியே வெளியே தள்ளப்படுகிறான், லாரிக்கு அடியில் ஊர்ந்து பின்பக்கம் வந்து மறுபடி ஏறுகிறான். அவ்வளவு நேரமும் ஒரே உச்சத்தில் முழங்கினால் இரண்டாம் நிமிடத்திலேயே காது மரத்துப்போகும். வில்லியம்ஸ் கருவிகளைப் பங்கிட்டுக் கொடுக்கிறார். லாரியின் உறுமல் அடித்தளத்தை அடைத்துக்கொண்டிருக்கும்போது ட்ரம்பெட்டுகள் அதற்கு மேலே எழுகின்றன. நாயகனின் கை ஓங்கும்போது அவனுடைய அணிவகுப்பு மெட்டின் ஒரு துணுக்கு தலைகாட்டுகிறது, அவன் மறுபடி அடிவாங்கியதும் அறுந்துபோகிறது. கண்ணுக்கு அடிதடி மட்டும் தெரிகிற நேரத்தில், யார் பக்கம் தராசு சாய்கிறது என்பதைக் காது நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எண்பது பேர் இருப்பது எண்பது பேரும் சேர்ந்து கத்துவதற்காக அல்ல. இவ்வளவு நேரத்துக்கு வண்ணம் மாற்றிக்கொண்டே போக வேண்டுமானால் அத்தனை கைகள் தேவைப்படுகின்றன.

உங்கள் குறையில் நியாயமும் இருக்கிறது. இந்தக் கலைக்கு மிகப் பெரிய எதிரி அவசரம். ‘ஏலியன்ஸ்’ (1986) படத்துக்கு இசையமைக்க லண்டன் சென்ற ஜேம்ஸ் ஹார்னரிடம் வேலை முடியாத படமே கொடுக்கப்பட்டது. அடித்துப்பிடித்து எழுதிப் பதிந்த இசையும் வெட்டப்பட்டு, இடம் மாற்றி ஒட்டப்பட்டது. அதில் பயன்படாமல் போன ஒரு துண்டு, இரண்டாண்டு கழித்து, மைக்கேல் கேமன் இசையமைத்த ‘டை ஹார்ட்’ படத்தின் இறுதிக் காட்சியில் வந்து உட்கார்ந்துகொண்டது. படத்தொகுப்பின்போது தற்காலிகமாக வேறொரு படத்தின் இசையை ஓட்டிப் பார்ப்பதும், நாளடைவில் அதற்கே காது பழகிவிடுவதும் இந்தத் துறையில் அன்றாடம் நடப்பவை. இன்று கணினியில் கடைசி வாரம்வரை காட்சியைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆகவே தந்தி வாத்தியங்கள் தனியாக, ட்ரம்பெட் வகைகள் தனியாக, தாளம் தனியாக என்று அடுக்கடுக்காகப் பதிகிறார்கள். எந்த அடுக்கையும் எங்கே வேண்டுமானாலும் நறுக்கலாம். ஒன்பது ஆவர்த்தனம் வளர்ந்து பத்தாவதில் பூக்கிற ஒரு மெட்டு அந்தக் கத்திரிக்குத் தாங்காது. எந்த இடத்தில் வெட்டினாலும் ஒன்றுபோலவே இருக்கும் இசைதான் தப்பிப் பிழைக்கிறது. நீங்கள் கேட்டுச் சலித்தது பெரும்பாலும் அந்த இசையாகவே இருக்கும் என்று ஊகிக்கிறேன். அது எனக்கும் வருத்தம்தான், ஏனென்றால் வாசிப்பவர்களின் தரம் எங்கும் குறைந்துவிடவில்லை.

‘ரெய்டர்ஸ்’ படத்தின் இசைத்தொகுப்பில் இந்தத் துரத்தல் ‘டெசர்ட் சேஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. முதல் முறை டிம்பனி என்ற பெரிய கிண்ண முரசை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை அடிக்குரலில் நகரும் டிரம்போன்களை. அதற்கடுத்து, அணிவகுப்பு மெட்டு எங்கெல்லாம் எட்டிப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்போதும் வெறும் முழக்கமாகவே பட்டால் காது நழுவிய இடத்தை நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். அந்த இடத்தையே எடுத்துக்கொண்டு பேசலாம்.

அன்புடன்.