யார் ஃபிட்? எதற்கு ஃபிட்?

கேள்வி: கால்பந்து வீரர் 90 நிமிடம் ஓடிக்கொண்டே இருக்கிறார். கிரிக்கெட்காரரோ மதியச் சாப்பாடு, தேநீர் எல்லாம் முடித்துவிட்டு நிதானமாக மட்டையைத் தூக்குகிறார். ஃபிட்னஸில் கிரிக்கெட்டுக்குக் கடைசி இடம்தானே? எல்லா விளையாட்டிலும் சேர்த்து முதலிடம் யாருக்கு? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: ஓடிய தூரத்தை மட்டும் அளந்தால் கிரிக்கெட் தோற்கும், சரி. ஆனால் 10, 11 கிலோமீட்டர் ஓடுபவர் கால்பந்தின் நடுக்கள வீரர். அதே அணியின் கோல்கீப்பர் அதில் பாதி ஓடினாலே அதிகம். அவரையும் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிடுவீர்களா?

தேநீரைப் பற்றிச் சொன்னீர்கள். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸும் இடைவேளைகளில் ஓய்வெடுத்தவர்தான். எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 ரன் அடித்தார். நம் சென்னை வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஆளை உருக்கிவிட்டன. ஆடுகளத்திலேயே வாந்தி, கை கால்களில் தசைப்பிடிப்பு. "முடியவில்லை, போகிறேன்" என்றவரிடம் கேப்டன் ஆலன் பார்டர், "அப்படியானால் குயின்ஸ்லாந்துக்காரன் யாரையாவது வரச் சொல்கிறேன்" என்கிற பாணியில் சீண்டினார். குயின்ஸ்லாந்தோடு எப்போதும் மல்லுக்கட்டும் விக்டோரியா மாநிலத்துக்காரரான ஜோன்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆட்டமிழந்த பிறகு அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. இதை எந்த ஓட்டக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

அப்புறம் அந்த முதலிடம். அமெரிக்கத் தொலைக்காட்சி 1973இல் இதைப் போட்டியாகவே நடத்திப் பார்த்துவிட்டது. பெயர் 'சூப்பர்ஸ்டார்ஸ்'. (நம்மூர் ரசிகர்கள் அவசரப்பட வேண்டாம், அவர் திரைக்கு வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது.) பல துறை வீரர்களைக் கூட்டி வந்து நீச்சல், ஓட்டம், பளுதூக்குதல், சைக்கிள் என்று மோதவிட்டார்கள். சொந்த விளையாட்டில் மட்டும் யாரும் இறங்கக் கூடாது. 1971இல் முகமது அலியைக் கீழே சாய்த்து 15 சுற்றில் வென்ற ஜோ ஃபிரேசியர், நீந்தத் தெரியாமலே குளத்தில் குதித்தார். அவர் மூழ்காமல் கரை சேர்ந்ததே பெரிய விஷயம். பட்டம் வென்றவர் பாப் சீக்ரன், 1968 ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டித் தங்கம் வாங்கியவர். அதற்காகக் குத்துச்சண்டைக்காரரைவிடக் கோலூன்றித் தாண்டுபவர் ஃபிட் என்று எழுதி வைத்துவிடலாமா? சீக்ரனை ஃபிரேசியர் முன்னால் ஒரே ஒரு சுற்று நிற்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டால், ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று பத்துத் தடகளப் போட்டிகளை ஒருவரே ஆடும் டெக்கத்லான் என்பேன். அதுவும் தயக்கத்தோடுதான். பிரான்ஸின் கெவின் மேயர் 2018இல் 9126 புள்ளிகளுடன் உலக சாதனை படைத்தபோது, கடைசியாக 1500 மீட்டரை ஓடிமுடிக்க நாலரை நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு ஓட்டத்தில் நல்ல கல்லூரி மாணவனே அவரை முந்திவிடுவான். பத்தும் தெரிந்த உடம்பு எதிலும் உச்சத்துக்குப் போவதில்லை.

கால்பந்து அளவுகோலை வைத்துக் கிரிக்கெட்டை அளப்பவர் நீங்கள் மட்டும் அல்ல, நம் கிரிக்கெட் வாரியமும் அதைச் செய்தது. 20 மீட்டர் போய்த் திரும்பி, 10 விநாடி மூச்சு வாங்கி, பீப் சத்தம் வேகமெடுக்க மறுபடி ஓடும் யோ-யோ டெஸ்ட், டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ என்ற கால்பந்து நிபுணர் உருவாக்கியது. 2018 ஐபிஎல்லில் சென்னைக்காக 602 ரன் குவித்த அம்பத்தி ராயுடு, அதில் 16.1 என்ற எல்லையைத் தொடாததால் இங்கிலாந்து ஒருநாள் தொடருக்கான அணியில் இடத்தை இழந்தார். இத்தனைக்கும் வயதானவர்கள் அதிகம் என்று 'டாடீஸ் ஆர்மி' (அப்பாக்களின் படை) எனக் கேலி செய்யப்பட்ட அந்தச் சென்னை அணிதான் அந்த வருடம் கோப்பையைத் தூக்கியது. ராயுடுவுக்குப் பதிலாகப் போனவர் சுரேஷ் ரெய்னா. முந்தைய வருடம் அதே டெஸ்டில் தோற்று வெளியே உட்கார்ந்திருந்தவர்.