விடைபெற்றுக்கொண்டே இருப்பவன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானியக் குற்றக் கும்பல்களைப் பற்றிய யாகுஸா கேம் வரிசையில் ஆறாம் பாகத்தோடு நாயகன் கிர்யூ கசுமாவின் கதை முடிந்தது என்றார்கள். கண்கலங்கித்தான் முடித்தேன். பிறகு 2023-ல் ஒரு தனிப்பாகம், 2024-ல் எட்டாம் பாகம். மறுபடியும் அதே ஆள் வந்து நிற்கிறார். ஆடுபவனை ஏமாற்றுவதல்லவா இது?

இன்னொரு கேள்வியும் உண்டு. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மூன்று பாகங்கள் கொண்ட ஒரு கதை கேம் செய்யத் தொடங்கியிருக்கிறோம். ஆடுபவர் எடுக்கும் முடிவுகள் மூன்றாம் பாகம்வரை தொடரவேண்டும், பாத்திரங்களில் யார் வேண்டுமானாலும் சாகலாம் என்பது திட்டம். இரண்டாம் பாகத்துக்கு எழுத உட்கார்ந்தால் எல்லோரும் வேறு ஆட்கள்போலப் பேசுகிறார்கள். எங்கே தவறுகிறோம்?

பி.கு: என் தங்கை யாகுஸா ஆட ஆசைப்படுகிறாள். எந்தப் பாகத்தில் தொடங்கச் சொல்லட்டும்?

வி.

அன்புள்ள வி,

கிர்யூ விடைபெற்றது ஆறாம் பாகத்தில் மட்டும் அல்ல. எண்ணிப் பாருங்கள். முதல் பாகத்தில் தோஜோ குழுமம் என்ற யாகுஸா கும்பலின் நான்காம் தலைவர் நாற்காலியை ஏற்ற கையோடு இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். மூன்றாம் பாகத்தில் ஒகினாவா கடற்கரையில் அனாதை இல்லம் நடத்தப் போய்விட்டார். ஐந்தாம் பாகத்தில் அந்த இல்லத்தையும் விட்டுவிட்டு, ஃபுகுவோகாவில் வேறு பெயரில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆறாம் பாகத்தில் செத்துப்போனதாகவே உலகை நம்பவைத்தார். ஒவ்வொரு முறையும் ஒரே காரணம்தான்: நான் பக்கத்தில் இருந்தால் இவர்களுக்கு ஆபத்து.

இதை எழுத்தாளர்களின் தடுமாற்றம் என்று நான் பார்க்கவில்லை. அந்த ஆளின் குணமே அதுதான், குறையும் அதுதான். நேசிப்பவர்களைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி விட்டுப்போவது. எட்டாம் பாகம் இதை நேருக்கு நேர் எடுத்துப் பேசுகிறது. புற்றுநோயோடு இருக்கும் கிர்யூவைப் பழைய நண்பர் தாட்டே கூட்டிக்கொண்டு போய் மறைவாக உட்காரவைக்கிறார். அவர் விட்டுப்போன ஆட்கள் அவரைப் பற்றிப் பேசுவதை அவர் ஒளிந்திருந்து கேட்கிறார். விட்டுப்போனது அவர்களுக்கு என்ன செய்தது என்று அப்போதுதான் அவர் காதில் விழுகிறது. ஆறாம் பாகத்தின் முடிவு இதனால் கொஞ்சம் மலிந்துபோனது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வியாபாரக் கணக்கும் இதில் உண்டு. ஆனால் திரும்ப வந்த ஆளிடம் முந்தைய விடைபெறல்களுக்கெல்லாம் சேர்த்துக் கணக்குக் கேட்டார்கள். எத்தனையோ தொடர்களில் நாயகன் திரும்பி வருவான், அந்தக் கணக்கு மட்டும் வராது.

உங்கள் கேள்வியின் விடையும் இதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீண்ட வரிசையில் நாயகன் அதிகம் மாறமுடியாது. மாறினால் வாங்குபவர் கோபித்துக்கொள்வார். சண்டை முறை, குரல், உடை எல்லாம் அவன்மேல் கட்டப்பட்டிருக்கும். அதனால் மாற்றத்தை அவனைச் சுற்றி வைக்கவேண்டும்: ஊரில், உடன் இருப்பவர்களில், வயதில்.

வயதிலிருந்து தொடங்குகிறேன். கிர்யூ பிறந்தது 1968. பெரும்பாலான பாகங்களில் கதை நடக்கும் ஆண்டும் கேம் உருவான காலமும் ஒன்றையொன்று ஒட்டியே வரும். 2005-ல் 37 வயது, எட்டாம் பாகத்தில் 55. முதல் பாகத்தில் 9 வயதுச் சிறுமியாக வந்து கிர்யூவிடம் வளர்ந்த ஹருகா ஐந்தாம் பாகத்தில் 16 வயதில் மேடைப் பாடகி, ஆறாம் பாகத்தில் 20 வயதில் தாய். வெளியுலகச் சட்டமும் கதைக்குள் வந்துவிடுகிறது. யாகுஸா கும்பல்களோடு கொடுக்கல் வாங்கல் வைப்பதைத் தடுக்கும் உள்ளூர் ஆணைகள் 2011 அக்டோபரோடு ஜப்பான் முழுவதும் வந்துவிட்டன. கும்பலை விட்டு விலகியவருக்குக்கூட 5 ஆண்டுகள் வங்கிக் கணக்கு தொடங்குவது பெரும்பாடு. ஏழாம் பாகத்தில் பெரிய குழுமங்கள் தங்களைக் கலைத்துக்கொள்கின்றன. எட்டாம் பாகத்தில் இந்த 5 ஆண்டு விதி கதையின் முக்கியமான கண்ணி. கிர்யூ அப்படியேதான் இருக்கிறார். அவர் கற்ற தொழில்தான் உலகத்தில் இல்லாமல் போய்விட்டது.

அடுத்தது ஊர். கமுரோச்சோ என்பது டோக்கியோ ஷிஞ்சுகுவின் காபுகிச்சோவை மாதிரியாக வைத்துச் செய்த கற்பனைப் பேட்டை. கிட்டத்தட்ட அதே தெருப்படத்தைத்தான் பாகத்துக்குப் பாகம் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். செலவுக் குறைப்புதான், சந்தேகமில்லை. ஆனால் 1988-ல் நடக்கும் முன்கதையான யாகுஸா 0-வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டிடம்கூடக் கட்டமுடியாத துண்டுக் காலிமனைக்காக அத்தனை பேரும் வெட்டிக்கொள்கிறார்கள். முந்தைய பாகங்களை ஆடியவர் அந்த இடத்தில் போய் நின்றதும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். மற்ற பாகங்களில் பேட்டையின் அடையாளமாக நிற்கும் மில்லேனியம் டவர் எழப்போகும் இடம் அது. ஒரு வரி வசனம் தேவைப்படவில்லை. நீங்களும் மூன்று பாகங்களுக்கும் ஒரே இடத்தை வையுங்கள், ஒரு தெரு போதும். பாகத்துக்கு ஏழெட்டு பொருட்களை மட்டும் மாற்றுங்கள்: மூடிய கடை, வேறு போஸ்டர், வெட்டிய மரம். புதிய ஊர் வரையும் செலவு மிச்சம், மூன்றாம் பாகத்தில் ஆடுபவரின் ஞாபகமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

துணைப் பாத்திரங்களில் இவர்கள் செய்த மிகச் சிறந்த வேலை மஜிமா கோரோ. முதல் பாகத்தில் ஒற்றைக்கண் பைத்தியம், அவ்வளவுதான். சிறுமி ஹருகாவைப் பிடித்துவைத்துக்கொண்டு கிர்யூவைச் சண்டைக்கு இழுப்பவர், கட்டிடத்துக்குள் லாரியை ஓட்டிவந்து மோதுபவர். நான்காம் பாகத்தில் (2010) அந்தக் கண் போனதன் பின்னணி வந்தது: 1985-ல் சத்தியச் சகோதரன் சாயெஜிமாவோடு ஒரு தாக்குதலுக்குப் போகவிடாமல் தடுத்துவைக்கப்பட்டபோது இழந்த கண் அது. 2015-ல் வந்த 0 அவரை முதன்மை வரிசையில் ஆடக்கூடிய நாயகன் ஆக்கியது. ஒசாகாவின் டோட்டன்போரியை ஒத்த சோட்டென்போரியில் ஒரு காபரே விடுதியின் மேலாளர், டக்சீடோ அணிந்தவர், கண்ணியமானவர். அதன் கடைசிக் காட்சி ஒன்றைக் கவனியுங்கள். அவர் காப்பாற்றிய பார்வையற்ற பெண் மகோதோவுக்குப் பார்வை திரும்பிவிட்டது. தெருவில் எதிரே வருகிறாள். அவள் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை, ஆகவே தெரியவில்லை. அவர் தன்னைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. அப்போது அவர் உடம்பில் இருப்பது நமக்குப் பழகிய அந்தப் பாம்புத்தோல் மேல்சட்டை. பத்தாண்டுகளாக நாம் சிரித்துக்கொண்டிருந்த கிறுக்குத்தனம் இந்த ஆள் மனசறிந்து போட்டுக்கொண்ட வேடம் என்று அந்த நடையிலேயே புரிந்துவிடுகிறது.

இதில் முந்தைய பாகத்தின் ஒரு நிகழ்ச்சியைக்கூட அழிக்கவில்லை என்பதுதான் முக்கியம். நடந்தது நடந்ததுதான், காரணம் மட்டும் பின்னால் வந்து சேர்ந்தது. முதல் பாகத்தை 2016-ல் கிவாமி என்று மறுஆக்கம் செய்தபோதும் இதே வழிதான். கிர்யூவின் உயிர்த்தோழன் நிஷிகியாமா பத்தாண்டுகளில் எப்படி எதிரியானான் என்பதை மூலப் பாகம் அவசரமாகத் தாண்டிப்போயிருந்தது. தங்கையின் சிகிச்சைக்குப் பணம் தேடி அலைந்தது, ஏமாந்தது, சொந்தக் குழுவிலேயே மதிப்பு இழந்தது என்று கிவாமியில் சிறுசிறு காட்சிகளாகச் செருகினார்கள். சண்டைகள் அப்படியே இருக்க, இறுதிச் சண்டைக்குக் கனம் கூடிவிட்டது.

தவறாகச் செய்ததும் இதே வரிசையில் உண்டு, அதுவும் அதே நான்காம் பாகத்தில். சாயெஜிமா அந்த 1985 தாக்குதலில் 18 பேரைச் சுட்டுக் கொன்றவர். 25 ஆண்டுகள் சிறையில் அந்தப் பாவத்தைச் சுமந்தவர். பாத்திரத்தின் மொத்த எடையும் அந்தக் குற்ற உணர்வில்தான் நிற்கிறது. கடைசியில் வந்து, துப்பாக்கியில் இருந்தவை ரப்பர் குண்டுகள், கொன்றது வேறொருவர் என்கிறார்கள். கிர்யூ யாரையும் கொன்றதில்லை என்பது இந்த வரிசையின் பிடிவாதமான விதி. நாம் ஆட்டிவைக்கும் இன்னொரு நாயகன் 18 கொலை செய்தவனாக இருக்கக்கூடாது என்று கடைசி நேரத்தில் கை நடுங்கியிருக்கவேண்டும் என்பது என் ஊகம். விளைவு, அந்த 25 ஆண்டுகள் வீண், ஆடுபவருக்குச் சிரிப்பு. முன்பு சொன்னதற்குக் காரணம் சேர்க்கலாம். சொன்னதையே இல்லை என்றால், அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். ஹருகாவுக்கும் இவர்கள் நியாயம் செய்யவில்லை. ஐந்தாம் பாகத்தில் அவளுக்குச் சண்டைக்குப் பதிலாக நடனப் போட்டியையே ஆட்டமாக வைத்தார்கள், அருமையான முடிவு. ஆறாம் பாகத்தில் அதே பெண் பெரும்பகுதி மருத்துவமனைப் படுக்கையில் நினைவில்லாமல் கிடக்கிறாள், கிர்யூ ஓடுவதற்கு ஒரு காரணமாக.

இனி உங்கள் கேம். ‘யார் வேண்டுமானாலும் சாகலாம்’ என்பதைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஆடுபவரின் முடிவுகளைப் பாகத்துக்குப் பாகம் கடத்தும் விண்வெளிக் கதை கேமான மாஸ் எஃபெக்டின் இரண்டாம் பாகத்தை (2010) பாருங்கள். பின்னால் தனியாகச் சேர்த்த இருவரோடு மொத்தம் 12 கூட்டாளிகள், இறுதிப் பணியில் எவரும் சாகலாம். 12 பேரில் உயிரோடு யார் யார் என்பதற்கு மட்டும் காகிதக் கணக்கில் 4096 சேர்க்கைகள். மூன்றாம் பாகத்தில் (2012) நடந்தது என்ன? அந்த 12 பேரில் நிரந்தரக் கூட்டாளிகளாகத் திரும்பியவர்கள் காரஸ், டாலி இருவர்தான். மற்றவர்களுக்கு ஓரிரு பணிகளில் விருந்தாளி வேடம். செத்திருக்கக்கூடிய ஒருவரை நம்பி எவரும் மையக்கதை எழுதமாட்டார்கள். ஆக, சாகும் சுதந்திரத்துக்கு விலை கொடுத்தது பிழைத்தவர்களும்தான். முதல் பாகத்தில் ராக்னி என்ற வேற்றுலகப் பூச்சி இனத்தின் ராணியைக் கொன்றாலும் மூன்றாம் பாகத்தில் செயற்கையாக உருவாக்கிய இன்னொரு ராணி வந்து அதே இடத்தை நிரப்பும். ஆடுபவர் கண்டுபிடித்துவிடுவார்.

ஆனால் அதே கேமில் சரியாக வந்த இடமும் ஒன்று உண்டு. முதல் பாகத்தில் கூட்டாளியான வேற்றுலகவாசி ரெக்ஸ் செத்திருந்தால் மூன்றாம் பாகத்தில் அவன் இனத்துக்குத் தலைவன் சகோதரன் ரீவ். ரெக்ஸ் இனத்தைச் சீர்திருத்த நினைப்பவன், ரீவ் பழிவாங்கத் துடிப்பவன். அந்த இனத்தின் கருவளத்தை முடக்கும் நோய்க்கு மருந்து கொடுக்கலாமா என்பதுதான் அங்கே கேள்வி. காட்சி ஒன்றுதான், ஆனால் தலைவன் மாறியதும் சரி எது தவறு எது என்பதே மாறிவிடுகிறது. ரெக்ஸ் இருந்தால் மருந்து நம்பிக்கை, ரீவ் இருந்தால் அடுத்த போருக்கு ஆள் சேர்ப்பு. உங்கள் கேமில் இரண்டு பேர் மட்டும் சாகட்டும். ஒவ்வொரு சாவும் பின்னால் ஒரு பெரிய காட்சியின் அர்த்தத்தை மாற்றட்டும். சேவ் ஃபைலில் பத்துக்கு மேல் முடிவுகளைக் கடத்தாதீர்கள். நான்கு பேர் எழுதிச் சோதித்து முடிக்க அதுவே அதிகம்.

ஆட்கள் வேறு ஆட்கள்போலப் பேசுகிறார்கள் என்கிறீர்களே, அதற்கு ஒரு எக்செல் தாள் போதும். ஒரு வரிக்கு ஒரு பாத்திரம். பிறந்த ஆண்டு, ஒவ்வொரு பாகத்திலும் வயது, அந்தப் பாகம் முடியும்போது அவருக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார். தெரியாததைக் குறிக்கும் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். எழுதுபவருக்குத் தெரியும் என்பதால் பாத்திரமும் தெரிந்ததுபோலப் பேசத் தொடங்கிவிடும். கூடவே யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதற்குத் தனித் தாள். கிர்யூ எப்போதும் ‘மஜிமா அண்ணன்’ என்ற பொருளில்தான் விளிக்கிறார். மஜிமாவோ ‘கிர்யூ-ச்சான்’ என்று குழந்தையைக் கொஞ்சுவதுபோலக் கூப்பிடுகிறார், அதுவும் ஒசாகா பக்கத்துக் கான்சாய் வட்டார வழக்கில். ஆங்கில வசன வரியில் இதில் பாதி காணாமல் போகும். தமிழில் எழுதும் உங்களுக்கு நீ, நீங்க, டா, அண்ணே, சார் எல்லாம் கையில் இருக்கின்றன. ஒருவர் ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு இறங்கும் இடம் எந்தப் பாகம், எந்தக் காட்சி என்று முன்கூட்டியே குறித்துவையுங்கள். மூன்று பாகத்தில் ஒரே ஒரு முறை நடக்கட்டும்.

ஆட்டமுறையையும் பாத்திரத்திலிருந்தே எடுக்கலாம். ஏழாம் பாகத்தில் புது நாயகன் இச்சிபான் வந்ததும் சண்டை ஆளுக்கொரு முறை அடிக்கும் பாணிக்கு மாறியது. சிறுவயதிலிருந்தே அதே பாணியில் சண்டை நடக்கும் டிராகன் குவெஸ்ட் கேமில் ஊறியவன், சண்டையைக் கண்டால் அப்படித்தான் கற்பனை செய்வான் என்று காரணம் வைத்தார்கள். எட்டாம் பாகத்தில் கிர்யூவும் அந்த அணியில் வரிசையில் நின்று முறைக்குக் காத்திருக்கிறார். ஆனால் ஒரு சக்தி நிறைந்ததும் வரிசையை உடைத்துக்கொண்டு சில நொடிகள் பழையபடி இஷ்டத்துக்குச் சுற்றிச்சுற்றி அடிப்பார், நேரம் தீர்ந்ததும் திரும்ப வரிசைக்கு வந்துவிடுவார். நோயாளி, வயதானவர், இன்னும் முழுசாக அடங்காதவர். நாலு பக்க வசனம் மிச்சம்.

உங்கள் தங்கை 0-வில் தொடங்கட்டும். அடுத்து கிவாமி, கிவாமி 2, பிறகு எண் வரிசை. வெளிவந்த வரிசையில் ஆடினால் மஜிமா முதலில் மிருகமாக வந்து பிறகு மனிதனாகும் அதிர்ச்சி கிடைக்கும். 0-வில் தொடங்குபவருக்கு அது கிடைக்காது. பதிலாக அவளுக்கு வேறொன்று கிடைக்கும்: கிவாமியில் தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குள்ளிருந்து கத்திக்கொண்டு அவர் பாயும்போது நீங்கள் சிரித்திருப்பீர்கள், அவள் சிரிக்கமாட்டாள்.