கொரிய விடுதலைப் போராளிகளைப் பற்றி ஒரே ஒரு தொடர்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்க்கலாம்?

மிஸ்டர் சன்ஷைன். 2018இல் வந்தது, 24 எபிசோடுகள். காதல் கதை என்று சொல்லித்தான் பலரும் இதைப் பரிந்துரைப்பார்கள். காதல் இருக்கிறது, அழகாகவே இருக்கிறது. ஆனால் எனக்கு இது நெருக்கமானது வேறு காரணத்தால்: தனக்காக உயிரைக் கொடுப்பவர்களுக்கு அந்த நாடு என்ன செய்தது என்று இந்தத் தொடர் நேருக்கு நேர் கேட்கிறது.

நாயகன் யூஜின் அடிமைகளுக்குப் பிறந்தவன். எஜமான் வீட்டுக் கொடுமையில் அப்பா அம்மா இருவரையும் சின்ன வயதிலேயே பறிகொடுத்து, அமெரிக்காவுக்குத் தப்பி, அந்த நாட்டு ராணுவ அதிகாரியாகத் திரும்பி வருகிறான். நாயகி ஏ-ஷின் பெரிய இடத்துப் பெண். பகலில் பல்லக்கு, இரவில் முகத்தை மூடிக்கொண்டு, துப்பாக்கியோடு ஓட்டுக் கூரைமேல். ஒரு கட்டத்தில் தன் பிறப்பைச் சொல்லிவிட்டு அவன் அவளிடம் கேட்கிறான்: நீங்கள் காப்பாற்றத் துடிக்கும் ஜோசனில் (கொரியாவின் பழைய பெயர்) யார் வாழலாம்? மாடு அறுப்பவன் வாழலாமா? அடிமை வாழலாமா? அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அடிமை முறை சட்டப்படி 1894இலேயே ஒழிந்துவிட்டது, ஆனாலும் அந்தக் கேள்வி அவளைக் கலங்கடிக்கிறது. இப்படி ஒரு காட்சியைத் தேசபக்திக் கதைகளில் நான் அதிகம் பார்த்ததில்லை.

அவளுக்குச் சுடக் கற்றுத்தரும் வேட்டைக்காரர் கதையும் அப்படித்தான். 1871இல் அமெரிக்கக் கப்பல்கள் கங்வா தீவைத் தாக்கியபோது அவருடைய அப்பா சண்டையில் இறக்கிறார். பிடிபட்ட வீரர்களை மீட்க அரசு அக்கறை காட்டவில்லை. அரசன்மேல் அத்தனை கோபத்தோடு வளர்ந்தவர்தான் கடைசியில் நாட்டுக்காக நிற்கிறார்.

பாத்திரங்கள் கற்பனை, பின்னணி நிஜம். 1905 நவம்பரில் ஜப்பான் திணித்த ஒப்பந்தம் கொரியாவின் வெளியுறவு உரிமையைப் பறித்தது. ஹேக் நகரில் நடந்த உலக அமைதி மாநாட்டுக்கு ரகசியத் தூதர்களை அனுப்பியதற்காக 1907 ஜூலையில் மன்னர் கோஜோங்கைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஆகஸ்ட் 1 அன்று கொரிய ராணுவத்தையே கலைத்தார்கள். படைத்தலைவர் பக் சுங்-ஹ்வான் தற்கொலை செய்துகொள்ள, அவருடைய வீரர்கள் ஆயுதம் ஏந்தி, தலைநகர் சியோலின் நம்டேமுன் வாயில் பக்கம் ஜப்பானியப் படையோடு மோதினார்கள். உயிர் தப்பியவர்களில் பலர் உய்ப்யோங் என்ற மக்கள் படையில் சேர்ந்தார்கள்.

அந்தப் படையை மெக்கன்சி என்ற பத்திரிகையாளர் 1907இல் உள்நாட்டில் தேடிப் போய்ப் படம் எடுத்தார். எல்லாரும் இளைஞர்கள். ஒருவர் உடம்பில் பழைய ராணுவச் சீருடை, சிலர் உடம்பில் கந்தல். அவர் பார்த்த ஆறு பேரிடம் ஐந்து வகைத் துப்பாக்கிகள் இருந்தனவாம், ஒன்றும் உருப்படியில்லை. யார் பெயரும் பதிவாகவில்லை. தொடரின் கடைசிப் பகுதியில் இந்தப் படம் எடுக்கப்படும் தருணத்தை அப்படியே நடித்துக் காட்டுகிறார்கள். அங்கே நான் அழுதுவிட்டேன். பெயர் தெரியாத அந்த முகங்களுக்கு 24 எபிசோடுகளாக ஒரு வாழ்க்கையை உண்டாக்கித் தந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

குறை இல்லாமல் இல்லை. ஜப்பானிய ரௌடிக் கும்பலில் சேர்ந்த கசாப்புக்காரர் மகன் டோங்-மேயை மிகவும் கவர்ச்சியாகக் காட்டுகிறார்கள். அவன் கும்பலுக்கு முதலில் நிஜமான ஓர் அமைப்பின் பெயர் இருந்தது. கொரியாவில் எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டுக் கற்பனைப் பெயராக மாற்றினார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானதுதான்.

ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான 1919 மார்ச் 1 எழுச்சி, ஷாங்காயில் அமைந்த தற்காலிக அரசு எல்லாம் இதில் வராது. அப்புறம், மெதுவாகப் போகிறதே என்று முதல் எபிசோடைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். கங்வா சண்டை அதில்தான் இருக்கிறது.