பாஸ் மீனைச் சமைக்க எடுத்துச் சென்றால் அமெரிக்கத் தூண்டில்காரர்கள் ஏன் கோபப்படுகிறார்கள்?

டெக்சாஸில் வசிக்கும் தம் நண்பர் ஏரியில் பிடித்த, பாஸ் என்னும் நன்னீர் மீன்கள் இரண்டைக் குழம்புக்காக எடுத்துச் சென்றபோது, படகு இறக்கும் சரிவில் நின்றிருந்த ஒருவர் அவரைக் கடுமையாகப் பேசிவிட்டதாகக் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். உரிமம் வாங்கி, சட்டப்படி மீன் பிடித்த ஒருவரை இன்னொருவர் ஏன் திட்ட வேண்டும் என்பது அவருடைய கேள்வி. நான் டாலஸ் நகருக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். பல ஆண்டுகளாக வடகிழக்கு டெக்சாஸ் ஏரிகளில் பாஸ் பிடித்து வருகிறேன். உள்ளூர் மன்றம் ஒன்று நடத்தும் சிறு போட்டிகளில் மீனை அளந்து எடை போடும் வேலையையும் செய்கிறேன். இந்தச் சச்சரவைப் பல முறை நேரில் பார்த்திருப்பதால் என் கருத்தைச் சொல்கிறேன். மீனைத் திரும்ப விடும் வழக்கம் நல்ல வழக்கம். நானும் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். ஆனால், விடாதவரைக் குற்றவாளியாக நடத்துவது தவறு. சில ஏரிகளில் சிறிய மீனை எடுத்துச் செல்பவர்தான் ஏரிக்கு நன்மை செய்கிறார்.

இந்த வழக்கம் ஆதிகாலத்திலிருந்து வந்ததன்று. உலகிலேயே மிகப் பெரிய லார்ஜ்மௌத் (பெரிய வாய்) பாஸ் என்று இன்றும் பதிவேட்டில் நிற்கும் மீனை 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில், ஓக்மல்கி ஆற்றின் பழைய வளைவில் தேங்கிய மாண்ட்கோமரி ஏரியில், ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி பிடித்தார். அதன் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தவர் அவர். மீனை எடை போட்டுப் பதிவு செய்துகொண்டார். பிறகு வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள். அவரை இழிவாகப் பேசிய தூண்டில்காரர் ஒருவரையும் நான் கண்டதில்லை. எல்லாரும் மரியாதையோடுதான் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

பின்னர் நிலைமை மாறியது. நாடெங்கும் அணைகள் எழுந்தன, ஏரிகள் பெருகின, மோட்டார் படகுகள் மலிவாகக் கிடைத்தன, அவற்றோடு போட்டிகளும் வந்தன. அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் 1967-இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் பாஸ் போட்டியை நடத்தி, அதையொட்டிப் பாஸ் பிடிப்போருக்கான பெரிய சங்கத்தையும் நிறுவினார். அக்காலத்தில் போட்டி முடிந்ததும் செத்த மீன்களைச் சரம் சரமாகத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதே பெருமையாக இருந்தது. அந்தப் படங்களைப் பார்த்த உள்ளூர் மக்கள், எங்கள் ஏரியை வெளியூர்க்காரர்கள் வந்து துடைத்தெடுத்துப் போகிறார்களே என்று முகம் சுளித்தார்கள். 1972-இல் ஸ்காட் தம் போட்டிகளில் மீனைக் கொல்லக் கூடாது என்ற முறையைக் கொண்டுவந்தார். படகிலேயே காற்றூட்டிய நீர்த்தொட்டி இருக்க வேண்டும். மீனை உயிரோடு எடை மேடைக்குக் கொண்டுவந்து, உயிரோடு ஏரிக்குத் திருப்ப வேண்டும். இன்று எந்தப் பாஸ் படகிலும் காணப்படும் லைவ்வெல் தொட்டி இவ்வாறுதான் பரவியது. அந்த முறையில் வளர்ந்த தலைமுறைக்கு மீனை விடுவது சட்டம் சொல்லிச் செய்யும் காரியமன்று. நல்ல வளர்ப்புக்கு அடையாளம். உங்கள் நண்பர் மீது விழுந்த கோபம் அங்கிருந்து வருவது.

அந்தக் கோபத்துக்குப் பின்னால் மீனின் வாழ்க்கையும் இருக்கிறது. வசந்தத்தில் தண்ணீரின் வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் ஆண் பாஸ் கரையோர ஆழமற்ற பகுதிக்கு வந்து, வாலால் விசிறி விசிறி மண்ணை ஒதுக்கி, தட்டுப் போன்ற ஒரு குழியை உண்டாக்குகிறது. பெண் மீன் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காவல் முழுவதும் ஆணுடையது. தெளிந்த நீரில், நீர்ப்பரப்பின் கூசொளியைத் தடுக்கும் போலரைஸ்டு கண்ணாடி அணிந்து பார்த்தால் அந்தக் காட்சி நன்றாகத் தெரியும். சுற்றியுள்ள சேற்று நிறத்தின் நடுவே வெளிறிய ஒரு வட்டம். அதன் மேல் கரும்பச்சை மீன் ஒன்று அசையாமல் நிற்கும். புளூகில் என்னும் சிறு மீன் அருகே வந்தால் பாய்ந்து விரட்டிவிட்டு, உடனே அதே இடத்துக்குத் திரும்பிவிடும். அந்நாட்களில் அது இரை தேடிப் போவதும் அரிது. தூண்டிலைக் கவ்வுகிறது என்றால், பசியால் அன்று, பெரும்பாலும் குழிக்குள் வந்ததை அப்புறப்படுத்துவதற்காகத்தான். அந்த ஆணைத் தூக்கிச் சென்றுவிட்டால், சற்று நேரத்தில் புளூகில் கூட்டம் முட்டைகளின் மேல் விழுந்துவிடும். உடனே அங்கேயே விட்டுவிட்டால் பெரும்பாலும் குழிக்குத் திரும்பும். ஆகவே வசந்தகாலத்தில் குழியின் மேல் நிற்கும் மீனை எடுத்துச் செல்பவரைப் பார்த்து ஒருவருக்கு மனம் பதறினால், அந்தப் பதற்றம் எனக்கும் உண்டு.

பெரிய மீன் விஷயமும் அப்படியே. எட்டு, பத்துப் பவுண்டு எடையுள்ளவை அநேகமாகப் பெண் மீன்கள். அந்த அளவை எட்ட அவற்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். விட்ட மீன் மேலும் வளரும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் டிக்சன் ஏரியில் வாழ்ந்த பாஸ் ஒன்றைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. செவுள் மூடியின் அருகே இருந்த கருப்புப் புள்ளியால் அதற்கு டாட்டி என்று பெயர். 2003-இல் அதைப் பிடித்தவர் எடை பார்த்தபோது 21 பவுண்டு 11 அவுன்ஸ் இருந்தது, விட்டுவிட்டார்கள். 2006 மார்ச்சில் அதே மீன் மீண்டும் சிக்கியது. இம்முறை கைத்தராசு 25 பவுண்டு 1 அவுன்ஸ் காட்டியது; பெர்ரியின் மீனைவிடக் கிட்டத்தட்ட மூன்று பவுண்டு கூடுதல். ஆனால் கொக்கி வாயில் மாட்டாமல் உடலின் பக்கத்தில் குத்தியிருந்தது. பிடித்தவரும் அவருடைய நண்பர்களும் அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு, சாதனைக்கு உரிமை கோருவதில்லை என்று முடிவு செய்தார்கள். பாஸ் பிடிப்போர் தங்களைப் பற்றிப் பெருமைப்படுவதற்குரிய செயல் அதுதான் என்று நான் நினைக்கிறேன். வெறும் வாய் வார்த்தையில் நிற்கும் இந்த உலகத்தில் எடையிலும் நீளத்திலும் பொய் சொல்லாதிருப்பதே அடிப்படை. போட்டியில் மீனின் வயிற்றுக்குள் ஈயக்கட்டியைத் திணித்தவர் டெக்சாஸில் சிறைக்கே போயிருக்கிறார்.

இதுவரை சொன்னது திட்டியவரின் பக்கத்து நியாயம். உங்கள் நண்பரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. டெக்சாஸின் பொது விதிப்படி லார்ஜ்மௌத் பாஸ் குறைந்தது 14 அங்குலம் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மீன் வரை எடுத்துச் செல்லலாம். ஆனால் ஏரிக்கு ஏரி விதி மாறும். மாநிலத்தின் மிகப் பெரிய பாஸ், 18.18 பவுண்டு எடையுள்ளது, 1992 ஜனவரியில் ஃபோர்க் ஏரியில் பிடிபட்டது. அந்த ஏரியில் 16 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எடுத்துச் செல்லலாம். 16-க்கும் 24-க்கும் இடைப்பட்ட மீனை விட்டே ஆக வேண்டும். 24-ம் அதற்கு மேலும் உள்ளவற்றில் ஒரு நாளைக்கு ஒன்று மட்டும். இந்த விதியை வகுத்த மீன்வள அறிவியலாளர்கள் சும்மா அளவு போடவில்லை. சின்ன மீன்கள் கொஞ்சம் குறைந்தால்தான் எஞ்சியவற்றுக்கு இரை போதுமானதாக இருக்கும், அவை விரைவாக நடு அளவுக்கு வளரும் என்பது அதன் கணக்கு. மக்கள் எல்லா மீனையும் விட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் கணக்கில் பாதி நடைபெறாமல் போய்விடும். பெரிய மீன் வேண்டும் என்று ஆசைப்படுபவரே சின்ன மீனை எடுத்துச் செல்பவரைத் திட்டுகிறார். தம் ஆசைக்குத் தாமே குறுக்கே நிற்கிறோம் என்பதை அவருக்கு யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொன்ன ஒருவரை ஃபோர்க் ஏரியில் பார்த்தேன். சிறுவன் ஒருவனும் அவன் தந்தையும் பனிக்கட்டிப் பெட்டியில் மூன்று மீன் வைத்திருந்தார்கள். பக்கத்துப் படகுக்காரர், "இந்த ஏரியில் போய் மீனைக் கொல்கிறீர்களே" என்று குரலை உயர்த்தினார். எங்கள் மன்றத்து மூத்தவர் ஒருவர் இருவருக்கும் நடுவே வந்து நின்று, "முதலில் அளப்போமா?" என்று மட்டும் கேட்டார். அளவுப் பலகையை வைத்து, மீனின் மூக்கை முனையில் முட்டவைத்து, வாயை மூடி, வால் நுனிகள் இரண்டையும் விரலால் சேர்த்துப் பிடித்து அளந்தார். இப்படி அளந்தால்தான் கணக்கு. வாலை விரித்து வைத்தால் நீளம் குறைந்து தெரியும். மூன்றும் 16-க்குக் கீழ். "இவர்கள் செய்தது விதிப்படி சரி. ஏரிக்கும் நல்லதுதான். உங்களுக்கு விட்டுவிடப் பிடிக்கும் என்றால் நீங்கள் பிடிப்பதை விடுங்கள், ஐயா" என்றார். பிறகு சிறுவனிடம் எந்த இரையில் கடித்தது என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். பேச்சு இரையின் பக்கம் திரும்பியதும் படகுக்காரரும் அதில் சேர்ந்துகொண்டார். சண்டையை அடக்க இதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை. யார் பெரியவர் என்று பேசாமல் அங்குலம் எவ்வளவு என்று பேசினார். கோபப்பட்டவரும் முகம் தொங்கிப் போகாமல் உரையாடலுக்குள் திரும்பிவர இடம் கொடுத்தார்.

விடுவதே எங்கும் அறம் என்று எண்ணுபவர்கள் ஜப்பானையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1925-இல் ஆஷி ஏரியில் விடப்பட்ட இந்த அமெரிக்க மீன் பின்னர் நாடெங்கும் பரவி, அங்குள்ள சொந்த மீன்களுக்குப் பெருங்கேடாக ஆகிவிட்டது. பீவா ஏரி அமைந்துள்ள ஷிகா மாகாணத்தில், பிடித்த பாஸை ஏரியில் திரும்ப விடுவது 2003 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அவற்றைப் போடுவதற்கென்றே கரையோரங்களில் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். ஃபுனாசூஷி என்னும் பழைய உணவுக்குரிய நிகோரோபுனா போன்ற மீன்களைக் காப்பாற்றுவது அவர்களுடைய கவலை. பெர்ரியின் சாதனையைச் சமன் செய்த மீனும் 2009 ஜூலை 2 அன்று அந்தப் பீவா ஏரியில்தான் மனாபு குரிட்டாவுக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் நல்லொழுக்கமாக மதிக்கப்படுவது அங்கே விதிமீறல். மீன் ஒன்றுதான், தண்ணீர் வேறு, அதில் வாழும் மற்ற உயிர்கள் வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் எல்லா மீனும் பிழைப்பதில்லை. கோடையில் தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, தொட்டியில் பல மணி நேரம் அடைபட்டுக் கிடந்த மீன், நீந்திப் போவதுபோல் போய்ச் சில நாள் கழித்துச் சாகக்கூடும். உலர்ந்த கையாலும் சுடும் படகுத் தளத்தில் போட்டும் அதன் உடல் மேலுள்ள வழவழப்பான பூச்சை வழித்துவிடுபவர்களையும், கனத்த மீனை ஒற்றைக் கையால் தாடையைப் பிடித்துச் சாய்வாகத் தொங்கவிட்டுப் படம் எடுப்பவர்களையும் நாள்தோறும் பார்க்கிறேன். கை நனைத்து, இன்னொரு கையால் வயிற்றைத் தாங்கி, ஒரு படம் எடுத்ததும் தண்ணீரில் இறக்கிவிட்டால் போதும். எங்கள் மன்றத்தில் புதிதாகச் சேர்பவரிடம் விடச் சொல்வதற்கு முன்னால் எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொடுக்கிறோம்.

உங்கள் நண்பர் இனியும் தயங்காமல் மீன் எடுத்துச் செல்லலாம். புறப்படும் முன் அந்த ஏரிக்குரிய விதியை மாநில வனவிலங்குத் துறையின் வெளியீட்டில் பார்த்துக்கொள்ளட்டும். அளவுப் பலகை ஒன்றைப் படகில் வைத்துக்கொள்ளட்டும். குழியைக் காக்கும் மீனையும் பெரிய பெண் மீனையும் விட்டுவிட்டு, அனுமதிக்கப்பட்ட அளவிலுள்ள சிறியவற்றை எடுத்துக்கொள்வது நல்லது. ருசியும் சிறியவற்றில்தான் இருக்கிறது. உடல்நலத்துக்கும் அதுவே மேல். பெரிய மீனில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். கேடோ ஏரி போன்ற சில இடங்களில் பாஸ் உண்பது குறித்துப் பாதரச எச்சரிக்கையே இருக்கிறது. வீட்டில் குழந்தைகளோ கருவுற்றவர்களோ இருந்தால் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சரிவில் யாராவது மறுபடி கேட்டால், வாதாடாமல் எந்த ஏரி, எத்தனை அங்குலம் என்று சொல்லிவிட்டு, அன்று எதில் கடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அதைக் கேட்கப் பாஸ் பிடிப்பவர் எவரும் நின்றுவிடுவார்.