குவாண்டம் தொழில்நுட்பத்தின் சமூகத் தாக்கத்தை ஆராய விரும்புவோருக்கு: கேள்வி பதில்

நாகர்கோவில், சமூகவியல் மாணவி: பிளஸ் டூவோடு இயற்பியலை விட்டுவிட்டேன். இந்தத் துறைக்கு வரலாமா சார்?

வரலாம். சமன்பாடு போட வேண்டாம். அணு அளவிலான நுண்துகள்களின் இயல்பைப் பயன்படுத்துவதே குவாண்டம் தொழில்நுட்பம். ஆனால் குவாண்டம் கணினி, தகவல்தொடர்பு, உணரி (சென்சார்) மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். 2023இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்தின் இலக்குகளை எடுத்துவையுங்கள், 6,003.65 கோடி ரூபாய்த் திட்டம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'யாருக்கு?' என்று பென்சிலால் எழுதுங்கள். விடை கிடைக்காத இடத்தில் உங்கள் ஆய்வுத் தலைப்பு இருக்கிறது.

மார்த்தாண்டம்: குவாண்டம் கணினி வந்தால் வங்கிக் கணக்கெல்லாம் போய்விடுமாமே?

இணையத்தில் தகவலைப் பூட்டிக் காக்கும் இன்றைய பொதுச்சாவிக் குறியாக்கத்தைக் குவாண்டம் கணினியால் உடைக்கும் வழியை அமெரிக்கக் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994இலேயே காட்டிவிட்டார். அதை நடத்திக்காட்டும் அளவுக்குப் பெரிய கணினி இன்னும் இல்லை. மாற்றுக் குறியாக்கத்துக்கான மூன்று தரநிலைகளை அமெரிக்க அரசு நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. வங்கியைவிட எனக்குக் கவலை தருவது மருத்துவப் பதிவுதான். இன்று பூட்டியபடியே திருடிவைத்து, அந்தக் கணினி வந்த பிறகு திறக்கலாம். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், வந்த நோயை மாற்ற முடியாது. எந்தத் தகவல் எத்தனை ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்று நோயாளிகளிடம் கேட்டறிவது இயற்பியலாளரின் வேலையல்ல, உங்கள் வேலை.

குளச்சல், இயற்பியல் மாணவர்: களஆய்வுக்குப் பெங்களூருதானே போக வேண்டும்?

ஏன், மணவாளக்குறிச்சி பக்கத்தில்தானே இருக்கிறது! அங்குள்ள மணலில் மோனசைட் என்ற, தோரியம் கலந்த கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். காஸ் விளக்கில் ஒளிரும் வலைக்கூடான மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும் என்பதால் மணல் கப்பலேறியது. மோனசைட்டில் இன்னொன்றும் உண்டு: கதிரியக்கத் தனிமமான தோரியம் சிதையும்போது பிறக்கும் ஹீலியம் வாயு அந்தக் கனிமத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். 1908இல் நெதர்லாந்தின் லெய்டனில் இயற்பியலாளர் காமர்லிங் ஓன்னஸ் முதன்முதலாகத் திரவமாக்கிய ஹீலியம் மோனசைட்டைச் சூடாக்கி எடுத்ததுதான் (நம் மணல் அல்ல, வட கரோலினா மணல்). இன்று பல குவாண்டம் கணினிகளின் சில்லுகளைக் குளிர்விப்பதும் ஹீலியமே. அது இப்போது இயற்கை எரிவாயுக் கிணறுகளிலிருந்து வருகிறது.

எங்கோ பிறந்த தொழில்நுட்பம் ஒரு கடற்கரையை எப்படி மாற்றும் என்பதற்கு நூறாண்டுச் சான்று உங்கள் காலடியில் கிடக்கிறது. மணலிலிருந்து கனிமம் பிரிக்கும் ஆலையில் வேலை பார்ப்பவரிடமும், அதை எதிர்க்கும் மீனவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். எதிர்ப்பவர் சொல்வதை மட்டும் எழுதினால் அது துண்டறிக்கை. ஆலை சொல்வதை மட்டும் எழுதினால் விளம்பரம்.

கருங்கல், தந்தை ஒருவர்: மகளுக்கு வேலை கிடைக்குமா?

'குவாண்டம் சமூகவியலாளர் தேவை' என்று விளம்பரம் வராது. தரவுப் பாதுகாப்பு, அறிவியல் கொள்கை, இதழியல் பக்கம் வாய்ப்பு உண்டு. புள்ளியியலையும் கையோடு படிக்கச் சொல்லுங்கள்.